எளிமை என்பது யார் வைத்த பெயர்? : அலபாமா போர்வைகளை முன்வைத்து

அம்பேத்கர் பிறந்த நாளுக்காக எங்கள் காலனிச் சுவரில் படம் எழுதுவது என்று முடிவாயிற்று. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பேசினோம். மகாடு குளம் வரவேண்டும், நாக்பூர் வரவேண்டும், வெண்மணி வரவேண்டும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஓவியம் படித்த தம்பி ஒருவன், "இத்தனையும் ஏத்துனா செவுரு சந்தைக்கடை ஆயிரும்ணே. நீலம் அடிச்சு அவரு கண்ணாடிய மட்டும் போடுவோம்" என்றான். பெரியம்மா ஒருவர் விடவில்லை. "எல்லாருஞ் சேந்து செய்யிறதுன்னு கூப்புட்டுட்டு, நீ ஒருத்தனே போட்டுட்டுப் போறதுக்கு நாங்க எதுக்குடா?"

எனக்கு இரண்டு பேர் பேச்சும் நியாயமாகத்தான் பட்டது. எல்லாவற்றையும் ஏற்றினால் எதுவும் கண்ணில் நிற்காது. ஆனால் எளிமை என்ற பெயரில் கழிக்கத் தொடங்கினால் முதலில் கழிபடுவது யாருடைய கை? கூட்டுப் படைப்பில் இறங்கிய எவரும் இந்தச் சிக்கலைத் தாண்டி வந்ததில்லை. இதற்கு ஒரு விடையை, ஊசியும் நூலுமாக வாழ்ந்து காட்டிய பெண்களின் வரலாறு அமெரிக்காவில் இருக்கிறது. 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்ட காலத்திலிருந்து நாம் கறுப்பர் வரலாற்றைப் பேசிவருகிறோம். ஆனால் துப்பாக்கி பிடித்த ஆண்களைப் பார்த்த அளவுக்கு ஊசி பிடித்த பெண்களைப் பார்க்கவில்லை.

அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில், ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஒரு மண்திட்டில் இருக்கிறது ஜீஸ் பெண்ட். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை வைத்தார். 1845இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்குப் போனது. அவர் நூறு பேரளவில் அடிமைகளை வட கரோலினாவிலிருந்து நடத்தியே கூட்டிவந்தார். இன்றும் அந்த ஊர்க் கறுப்பர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான். ஆண்டையின் பெயர் அடிமையின் மேல் ஒட்டிக்கொண்ட கதை நமக்குப் புதிதல்ல. அடிமை முறை போனபின் குத்தகை வந்தது, கடன் வந்தது. 1932இல் கடன் கொடுத்த வணிகர் இறந்துபோக, அவர் குடும்பத்தார் வந்து அறுபது குடும்பங்களின் தானியம், மாடு, கோழி, ஏர்க்கருவி அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

இப்படி உருவப்பட்ட வீடுகளில் குளிர்காலத்துக்கு என்ன இருக்கும்? கிழிந்த வேலை உடுப்புகளும் மாவு மூட்டைத் துணியும் இருக்கும். அவற்றை வெட்டி, துண்டோடு துண்டு சேர்த்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடித்துணி வைத்துத் தைத்தார்கள். ஆங்கிலத்தில் குவில்ட் என்று சொல்லும் தடித்த போர்வை அது. பழைய சீலைகளை அடுக்கி அம்மா தைத்துப் போட்ட விரிப்பில் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேலை நடக்கும் முறையை இங்கே கவனிக்க வேண்டும். மேல்துணியை ஒவ்வொரு பெண்ணும் தன் மனம்போல் தனியே இணைப்பார். பஞ்சோடு சேர்த்து மூன்று அடுக்கையும் தைக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள், பாட்டும் இருக்கும், பேச்சும் இருக்கும். பொதுவிதி கொஞ்சந்தான். கட்டில் அளவு, மூன்று அடுக்கு, தெரிந்த சில வடிவங்கள். 'வீட்டுக்கூரை' என்று ஒரு வடிவம் உண்டு. நடுவில் ஒரு சதுரம் வைத்து, சுற்றிச்சுற்றிப் பட்டை வைத்துக்கொண்டே போவது. குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் எந்தப் பட்டை கோணவேண்டும், எந்த நிறம் சட்டென்று முறியவேண்டும் என்பது தைக்கிறவள் தீர்மானம். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்வதற்காக. பார்த்தால் வெறும் பட்டைகள். அதை எளிமை என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

1960களில் வாக்குரிமைப் போராட்டம் அங்கும் வந்தது. எதிர்க்கரையில் இருந்த மாவட்டத் தலைநகருக்குப் போகும் படகுப் போக்குவரத்து 1962இல் நின்றது. அது திரும்பி வர 2006 ஆயிற்று. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்கு வந்தார். வாக்காளராகப் பதிந்த குடும்பங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டன. இந்த நெருக்கடியில்தான் 1966இல் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு பிறந்தது. போர்வை விற்ற பணத்தில் 1969இல் 23 ஏக்கர் நிலம் வாங்கி, தையல் கூடம் கட்டி, விரட்டப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு மனையும் விற்றார்கள்.

இங்கேதான் சிக்கல் வேறு முகம் காட்டியது. நகரத்துப் பெரிய கடைகள் கேட்டது ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நேர்த்தி. நூறு போர்வை என்றால் நூறும் ஒன்றுபோல் இருக்கவேண்டும். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. கூலி வந்தது, வீட்டில் அடுப்பெரிந்தது. ஆனால் துண்டும் நிறமும் தேர்ந்த கை, வரைந்து கொடுத்ததைத் தைக்கும் கையாயிற்று. இதுவும் எளிமைதான். ஆனால் வாங்குகிறவன் போட்ட எளிமை. இதைத் துரோகம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. வயிறு காய்ந்தவளிடம் போய் அழகியல் பேசக் கூடாது.

அந்தப் பெண்களும் அதோடு நின்றுவிடவில்லை. தலையணை உறை வெட்டியதுபோக மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. தடித்த துணி, நுணுக்க வேலைக்கு வளையாது. அதனால் பெரிய பெரிய பட்டைகளாக, பச்சையும் பொன்மஞ்சளும் சிவப்பும் பழுப்புமாக, யாரும் வரைந்து கொடுக்காத போர்வைகள் பிறந்தன. கூலிவேலையின் கழிவிலிருந்து தன்வேலை முளைத்தது.

2002இல் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னியிலும் சுவரேறின. விமர்சகர்கள் மத்தீஸையும் பால் கிளீயையும் துணைக்கு இழுத்தார்கள். அதுவரை கந்தல் என்று சொல்லப்பட்டது ஒரே நாளில் நவீன ஓவியம் ஆயிற்று. 2006இல் அஞ்சல்தலையும் வந்தது. 2007இல் அந்தப் பெண்களில் சிலர் வருவாயில் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008இல் அது சமரசத்தில் முடிந்தது. புகழ்கிற வாய் ஒன்று, பங்கு கேட்கிற வாய் வேறு.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எளிமையா, சிக்கலா என்று ரசனையாகக் கேட்பதே தப்பு. எதைப் பொதுவாக்குவது, எதைக் கைக்கு விடுவது, அதை யார் தீர்மானிப்பது என்று கேட்கவேண்டும். பொதுவிதி கொஞ்சமாக, எல்லாரும் கூடிப் போட்டதாக இருந்தால் அதற்குள் எத்தனை வாழ்க்கையும் அடங்கும். மேலிருந்து வந்தால் நேர்த்தி மிஞ்சும், ஆள் இருக்கமாட்டாள்.

மறுநாள் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். சுவர் முழுக்க நீலம், ஒரு முழச் சதுரக் கட்டம், வெள்ளை ஒன்றுதான் வண்ணம் என்று மூன்று விதி போட்டோம். வீட்டுக்கு ஒரு கட்டம். அந்தப் பெரியம்மா ஒரு குடமும் அதற்கு மேல் பூட்டிய குழாயும் போட்டார். கோடு கோணிக்கொண்டு போனது. தம்பி சரிபண்ணத் தூரிகையை எடுத்தான். "வைடா கீழ. தண்ணிக்கு நின்னவ நான். எனக்குத் தெரியும் அது எப்பிடி இருந்துச்சுன்னு" என்றார் பெரியம்மா.

அவன் வைத்துவிட்டான்.