‘அதனை’ என்றால் எதனை?

குற்றாலத்தில் அருவியாய் இறங்கும் சிற்றாறு தென்காசிக் காசி விசுவநாதர் ஆலயத்தின் அருகே ஓடுகிறது. கி.பி. 15ஆம் நூற்றாண்டில் அவ்வாலயத்தை எழுப்பிய அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தன் வேண்டுகோள் ஒன்றைச் செய்யுளாக்கிக் கல்லில் பொறித்தான். இவ்வாலயத்திற்கு என்றேனும் குற்றம் நேருமாயின், அங்கு வந்து அதனை ஒழித்துக் காப்பவர் யாராயினும் அவரை உலகறியப் பணிந்தேன் என்பது அதன் கருத்து.

ஆசிரியனாக இருந்த காலத்தில் இச்செய்யுளைப் படித்துக்காட்டி, “‘அதனை’ என்றால் எதனை?” என்று கேட்பேன். “ஆலயத்தை” என்று சிலர் விரைந்து சொல்வர். அவ்வாறாயின் ஆலயத்தையே ஒழிக்கச் சொன்னதாய் முடியும்! ‘அங்கு’ என்பது ஆலயத்தையும், ‘அதனை’ என்பது குற்றத்தையும் சுட்டுகின்றன.

முன் சொன்னதைப் பின்வரும் சொல் இவ்வாறு சுட்டுவதை மொழியியலார் ‘அனபோரா’ என்பர். மேலே அல்லது மீண்டும் கொண்டு செல்லுதல் என்பது இக்கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள். தொடர்கள்தோறும் ஒரே சொல் முதலில் மீண்டு வருவதை அணிநூலாரும் இப்பெயராலேயே அழைப்பர். குற்றாலக் குறவஞ்சியின் குறத்தி மலைவளம் பாடும்போது கண்ணிதோறும் திரிகூடமலையைச் சொல்லி முடிக்கிறாள். அது இதற்கு மறுதலையான அமைப்பு. கிறித்தவ வழிபாட்டிலோ அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் இறைவனுக்கு ஏந்திப் படைக்கும் மன்றாட்டே அனபோரா. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால், கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபையினர் அத்தாய், மாரி என்போர் பெயரால் வழங்கும் தொன்மையான அனபோராவை இன்றும் ஓதுகின்றனர்.

பெயர் புதிது, கருத்து நமக்குப் புதிதன்று. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருங்கே வினைகொள்ளுமிடத்துச் சுட்டுப்பெயர் பின்னரே வரவேண்டும் என்றும், செய்யுளில் முன்னரும் வரலாம் என்றும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்துள்ளார்.

பாண்டியன் அக்குற்றம் இன்னதென்று சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. அது அவன் காலத்திற்குப் பின் நேர இருந்தது. நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்து 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. கல்லில் காத்திருந்த ‘அதனை’ என்னும் சொல்லுக்கு அன்று பொருள் கிடைத்தது. அப்பணிக்குக் கைகொடுத்த ஒவ்வொருவரையும் அரசன் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே வணங்கியிருந்தான்.