இளைக்க ஒரு மருந்து பிறந்த கதை

"ஏனுங்க, ஒடம்பு எளைக்கறதுக்கு ஊசி வந்திருக்குதாமா, மாத்திரையுங்கூட இருக்குதாமா. நாம எடுத்துக்கலாமுங்களா?" கோவை கணபதியின் சத்தி ரோட்டு மருந்துக் கடைகளிலும் கிளினிக்குகளிலும் இன்று எழும் கேள்வி இது. சர்க்கரை நோய்க்கான செமாக்ளூடைடு மாத்திரை 2022ல் இந்தியாவுக்கு வந்தது. 2025 மார்ச்சில் டிர்செபடைடு ஊசி 'மவுஞ்சாரோ' என்ற பெயரிலும், ஜூனில் எடைக் குறைப்புக்கான செமாக்ளூடைடு ஊசி 'வெகோவி' என்ற பெயரிலும் வந்தன. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். விலை இறங்க இறங்க இந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளுக்குள் நுழையும்.

இதற்குப் பதில் தேடுகிறவர்கள் முதலில் இந்த மருந்து பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு முன் பிறந்த அண்ணன்மார் பலர், நம்பியவர்களின் இதயத்தையும் கண்ணையும் உயிரையும் பறித்துக்கொண்டு போனவர்கள்.

வெடிமருந்து ஆலையில்

முதல் உலகப் போர்க் காலம். பிரான்ஸின் வெடிமருந்து ஆலைகளில் டைநைட்ரோஃபீனால் என்ற மஞ்சள் பொடியைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வேர்த்துக் கொட்டியது, உடம்பு கொதித்தது, எடை சரிந்தது. சிலர் இறந்தும் போனார்கள். பட்டறைகளுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் நடுவே வாழும் கணபதிக்காரர்களுக்கு, வேலையிடத்துப் பொடி உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1933ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் டெய்ன்டரும் வின்ட்சர் கட்டிங்கும் அந்தப் பொடியை எடைக் குறைப்பு மருந்தாக ஆராய்ந்தார்கள். சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியை உடம்பு பயன்படுத்த விடாமல் வெறும் சூடாக எரித்துவிடுவதே அதன் வேலை. செய்தி பரவியது. மருந்துச் சீட்டே தேவைப்படாத காலம் அது. ஓராண்டுக்குள் சுமார் ஒரு லட்சம் பேர் அதைச் சாப்பிட்டதாக டெய்ன்டரே மதிப்பிட்டார். பிறகு இளம் வயதுப் பெண்களுக்குக் கண்ணில் புரை விழுந்தது. உடம்புச் சூடு அடங்காமல் உயிர்கள் போயின. 1938ல் அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்த பிறகுதான், மனிதர் உட்கொள்ளத் தகாத பொருளென்று அது ஒதுக்கப்பட்டது.

அடுத்து வந்தது ஆம்ஃபெட்டமைன். 1887ல் பெர்லினில் ருமேனிய வேதியியலாளர் லசார் எடெலேயானு உருவாக்கிய இந்தப் பொருள், 1930களில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாகக் கடைக்கு வந்தது. எடுத்தவர்களுக்குத் தூக்கம் போனது, பசியும் போனது. பசி போனதைக் கண்டவர்கள் அதை இளைக்கும் மாத்திரை ஆக்கினார்கள். அது மனிதரை அடிமையாக்கும் என்பது மெல்லத்தான் புரிந்தது.

1990களில் ஃபென்ஃபுளூரமைன், ஃபென்டர்மைன் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. 1997ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இந்த இரண்டையும் எடுத்த 24 பெண்களின் இதய வால்வுகள் கெட்டிருப்பதை அறிவித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஃபென்ஃபுளூரமைன் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பிறகு ரிமோனபான்ட் வந்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடியதால் 2008ல் ஐரோப்பா அதை நிறுத்தியது, 2009ல் இந்தியா தடை செய்தது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் தெரிந்த சிபுட்ரமைனை 2011 பிப்ரவரியில் இந்தியா தடை செய்தது. தடைக்கு முன் நம் ஊர்க் கடைகளிலும் அது விற்றது.

இந்த வரிசையில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. எடை இறங்கியது உடனே கண்ணுக்குத் தெரிந்தது. கேடு தெரிய ஆண்டுகள் ஆயின. அதற்குள் லட்சக்கணக்கானோர் விழுங்கிவிட்டிருந்தார்கள்.

எடையைத் தேடாதவர்கள்

இன்றைய மருந்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அதைத் தேடியவர்கள் யாரும் எடையைப் பற்றி யோசித்துத் தொடங்கவில்லை. சர்க்கரை நோயைப் புரிந்துகொள்ளத்தான் புறப்பட்டார்கள்.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹேபனர், தூண்டில் மீன் எனப்படும் கடல் மீனின் கணையத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1980களின் தொடக்கத்தில் அங்கே ஒரு புதிய ஹார்மோனின் தடயம் கிடைத்தது. நம் குடலிலும் சுரக்கும் அதற்கு ஜிஎல்பி-1 என்று பெயர். அந்த ஹார்மோனின் புரதச் சங்கிலியில் உண்மையில் வேலை செய்யும் துண்டு எது என்று கண்டு, அது இன்சுலினைச் சுரக்க வைக்கிறது என்று காட்டியதில் பெரும்பங்கு ஸ்வெட்லானா மொய்சோவுடையது. காப்புரிமையில் தன் பெயர் விடுபட்டிருந்ததைக் கண்ட அந்தப் பெண் விஞ்ஞானி, போராடித்தான் அதைச் சேர்க்க வைத்தார்.

ஆனால் ஜிஎல்பி-1 ரத்தத்தில் ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதை மருந்தாக்குவது எப்படி? வழிகாட்டியது ஒரு விஷப் பல்லி. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும், நம் உடும்பைப் போல் தோன்றும் கிலா மான்ஸ்டரின் விஷத்தில், 1992ல் நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங் ஒரு பொருளைக் கண்டார். ஜிஎல்பி-1ஐப் பாதிக்கும் மேல் ஒத்திருந்த அது, உடம்பில் பல மணி நேரம் நிலைத்தது. மருத்துவமனை நிர்வாகம் காப்புரிமை பெற முன்வராததால் அவர் தாமே பெற்றார். அதிலிருந்து பிறந்த எக்ஸனடைடு 2005ல் சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது.

டென்மார்க்கில் லாட்டே பியெர் நுட்சன் வேறு வழியில் போனார். ஜிஎல்பி-1 மூலக்கூறோடு ஒரு கொழுப்பமிலத்தை இணைத்தார். அது ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டு சிதையாமல் நின்றது. தினம் ஒரு முறை போடும் லிராக்ளூடைடும், பிறகு வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூடைடும் அப்படி வந்தவை. ஹேபனர், மொய்சோவ், நுட்சன் மூவருக்கும் 2024ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இதற்கிடையே 1996ல் லண்டனில் ஸ்டீஃபன் புளூமின் குழு, ஜிஎல்பி-1ஐ எலிகளின் மூளையில் செலுத்தினால் அவை குறைவாகத் தின்பதைக் காட்டியது. சர்க்கரைக்காக ஊசி போட்ட நோயாளிகளும் இளைத்தார்கள். வயிறு மெதுவாகக் காலியாகிறது, போதும் என்ற உணர்வு மூளைக்குச் சீக்கிரம் எட்டுகிறது. 2021ல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாத, உடல் பருத்த 1,961 பேர் 68 வாரம் பங்கேற்றார்கள். செமாக்ளூடைடு போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். 2023ல் வந்த இன்னொரு ஆய்வு 17,604 இதய நோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. மூத்த மருந்துகள் இதயத்தைக் கெடுத்த இடத்தில் இது இதயத்தைக் காத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன்.

நம் உடம்புக்கு

அப்படியானால் எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது.

டெக்ஸ்டூல் கம்பெனி ஓடிய காலத்தில் கணபதி ஆட்கள் லேத்துக்கு முன் நாள் முழுக்க நின்றார்கள். இன்று அதே சத்தி ரோட்டில் சரவணம்பட்டி வரை போய் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் அவர்களின் பிள்ளைகள். கம்பும் சோளமும் தட்டிலிருந்து ஒதுங்கி, பேக்கரி பப்ஸும் அரிசிச் சோறும் நிறைந்துவிட்டன. 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004ல் ஒரு படம் வெளியிட்டார்கள். இருவரின் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடும் ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியருக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும், தசை குறைவாக இருக்கும். அதனால் இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்கிறோம். எடைக் குறைப்புக்கு இந்த ஊசிகளைப் போட அனுமதியோ, குறியீடு 30 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 27 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற நோய் இருந்தால்தான்.

குறையும் எடையில் ஒரு பங்கு தசை. ஏற்கெனவே தசை குறைந்த நமக்கு இது சிறிய விஷயமல்ல. பருப்பும் முட்டையும் உடற்பயிற்சியும் இல்லாமல் ஊசியை மட்டும் நம்பினால், இளைத்த உடம்பு வலுவிழந்த உடம்பாக இருக்கும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். பித்தப்பைக் கல்லும், அரிதாகக் கணைய அழற்சியும் வரலாம். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள் எடுக்கக் கூடாது. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும். 2021 ஆய்வில் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. மவுஞ்சாரோ அறிமுகமானபோது வாரத்துக்கு ஒரு குப்பி, மிகக் குறைந்த அளவே 3,500 ரூபாய். ஆண்டுக்கணக்கில் கட்ட முடியுமா என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

"என்ன கண்ணு, இப்படி ஊதீட்டே?" என்று கல்யாண வீட்டில் ஒரு சொல் விழுந்ததற்காக யாரும் இந்த மருந்தைத் தொட வேண்டாம். தம் உடம்பைப் பற்றி அப்படிக் கேட்டுக் கேட்டு மனம் நொந்த பெண்களுக்குத்தான் அன்று வெடிமருந்துப் பொடியையும் விற்றார்கள். ஆனால் சர்க்கரையோடும், ரத்த அழுத்தத்தோடும், படியேற விடாத மூட்டு வலியோடும் போராடுகிறவர், மருத்துவர் தேவை என்று சொன்னால், வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளட்டும். பருமன் ஒரு நோய். அதற்கு மருந்து எடுப்பது சோம்பேறித்தனம் அல்ல.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு எந்த நோய்க்காக இது? எத்தனை காலம் எடுக்க வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்? அந்த மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறவரிடம் மட்டும் மருந்துச் சீட்டு வாங்குங்கள். ஜிம்மிலோ பியூட்டி பார்லரிலோ செல்போன் விளம்பரத்திலோ சீட்டில்லாமல் நீட்டுகிறவர் யாராக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.