காலணா இரண்டு நயா பைசாவான கதை

1957 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. அதற்கான சட்டத் திருத்தம் 1955-லேயே நிறைவேறிவிட்டது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. மூன்று தம்படி ஒரு காலணா. (ஓட்டைக் காலணாவை வாசக அன்பர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.) பாதி, அதில் பாதி என்று பிரித்துக்கொண்டே போகப் பதினாறு மிகவும் சௌகரியமான எண். நம் பாட்டிமார்கள் காகிதமே இல்லாமல் மாதக் கணக்கை முடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புதுக் கணக்கில் ஒரு அணாவுக்குச் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே அரை அல்லது அதற்குக் குறைவான பின்னத்தை விட்டுவிட வேண்டும், அரைக்கு மேற்பட்டால் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்று விதி செய்தார்கள். அதன்படி ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலணாவுக்கு மட்டும் பிசகின்றி 25. காலணா 1.56 வரும், அது 2 ஆயிற்று.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மளிகைக் கடையில் மாதப் பற்று வைத்திருந்த குடும்பத்துக்கு இந்தப் பின்னம் மாதத்துக்கு ஒரு தரம்தான் வரும். 30 காலணா, அதாவது ஏழரை அணா, 47 நயா பைசா. அதையே தினமும் காலணாவுக்கு உப்போ கறிவேப்பிலையோ கைக்காசு கொடுத்து வாங்கியவளுக்கு 60 ஆகும். விலை ஏறாமலே நூற்றுக்கு 28 அதிகம்! தினம் ஒரு அணாவுக்கு வாங்கினவளுக்கோ ஏழு பைசா லாபம். சட்டத்தில் தவறில்லை, ஆனால் சில்லறையாக வாங்கித்தான் தீர வேண்டிய ஏழைகள் தலையிலேயே அந்தப் பின்னம் விழுந்தது என்பது என் அபிப்பிராயம்.

இது பழகுவதற்குள் எடையும் மாறிற்று. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாக வந்து, 1962-ல் கட்டாயமாயிற்று. சென்னையில் வீசை போயிற்று, டில்லியில் சேர் போயிற்று. 80 தோலா சேர் என்பது 933 கிராம். சேர் பத்தணா விற்ற பருப்புக்குக் கிலோ விலை என்ன? அணாவை முதலில் பைசாவாக்கி, பிறகு எடையைச் சரிக்கட்டினால் 67 நயா பைசா. காரியாலயத்தில் இதற்கு அச்சிட்ட அட்டவணை உண்டு. அடுக்களையில் மாமிகள் மனத்தாலேயே போட்டார்கள்.

1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற அடைமொழி போய் வெறும் பைசாவாயிற்று. 25 பைசா நாணயமே 2011 ஜூன் இறுதியில் செல்லாமல் போன பிறகும், வடக்கே 'சோலஹ் ஆனே' நிஜம் என்பதும் நம்மிடையே 'பதினாறணா' உண்மை என்பதும் பேச்சில் இருக்கின்றன.

கடைக்காரர்கள் அந்த அட்டவணையை எப்படி அனுசரித்தார்கள் என்பதற்கு வீட்டுக் கணக்கு நோட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. 1957 முதல் 1962 வரையிலான நோட்டு யாராத்துப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.