சூரியனும் ஒரு பழைய கணக்கும்

கொடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்தில் ஒரு பழைய எதிரியைச் சந்தித்தேன். சூரிய ஒளியைப் பட்டையாகப் பிரித்துக் காட்டினார்கள். நிறங்களுக்குக் குறுக்கே கறுப்புக் கோடுகள். "இவற்றின் ரகசியத்தைச் சொன்னவர் கிர்க்காஃப்" என்றார் அங்கிருந்தவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கல்லூரியில் என்னைக் கவிழ்த்தவர் அவர்தான். பல மின்தடைகளை ஒரே தடையாக்கிச் சொல்லும் கணக்கு அது. ஆறு ஓமும் மூன்று ஓமும் (பிரணவம் அல்ல, தடையின் அளவு) வரிசையாக நின்றால் ஒன்பது. பக்கம் பக்கமாக நின்றால் இரண்டுதான். இரண்டாவது சாலை எவ்வளவு மோசமானாலும் முதல் சாலையின் நெரிசலைக் குறைக்கத்தானே செய்யும்? ஆனால் நடுவில் ஒரு குறுக்குக் கம்பி விழுந்துவிட்டால், எது வரிசை, எது பக்கம் என்பதே தெரியாது. பரீட்சையில் அதுதான் வந்தது. விடைத்தாளில் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு வந்தேன்.

1845-இல், இருபத்தொரு வயது மாணவராக, கோனிக்ஸ்பர்க் நகரில் கிர்க்காஃப் அந்தச் சிக்கலை அவிழ்த்தார். இரண்டே விதிகள். ஒரு சந்திப்புக்கு வந்த மின்சாரம் அத்தனையும் அங்கிருந்து வெளியேறியாக வேண்டும். சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஏற்றமும் இறக்கமும் சரியாகிவிட வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து பெருமாள்மலைக்கு ஏறி, பழனிப் பக்கம் இறங்கி, திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டுக்கே திரும்புகிறவனுக்கு இது தெரியும். எனக்குத்தான் பரீட்சை மண்டபத்தில் தோன்றவில்லை.

அந்த விடையிலும் ஒரு குறை உண்டு. 'இரண்டு ஓம்' என்பது வெளியே நிற்பவனுக்குப் போதும். உள்ளே எத்தனை கம்பி, என்ன பின்னல் என்று அது சொல்லாது. நக்ஷத்திரங்களும் அப்படித்தான் என்று உலகம் எண்ணியது. அவை எந்தப் பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறியமாட்டான் என்று 1835-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி கோம்ட் எழுதினார். 1859-இல் ஹைடல்பர்கில் கிர்க்காஃப் அதைப் பொய்யாக்கினார். சூரியனைச் சூழ்ந்த ஆவியிலுள்ள சோடியம் தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடுகிறது. அங்கே விழும் கறுப்புக் கோடு அதன் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் படிக்கத்தான் 1899-இல் இந்த மலையில் கூடம் அமைந்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கே ஒரு சூரியப் புள்ளியைப் பார்த்தார். அதன் ஓரங்களில் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருந்தன. ஒரு பக்கம் சிவப்பை நோக்கி, மறுபக்கம் ஊதாவை நோக்கி. புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு ஓடுகிறது என்று கண்டார். பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றுக்கு இன்று அவர் பெயர்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது, கையிலிருந்த தபால் உறையின் பின்புறத்தில் அந்தக் குறுக்குக் கம்பியை வரைந்தேன். இரண்டு விதிகளையும் எழுதினேன். வத்தலக்குண்டு வருவதற்குள் விடை வந்துவிட்டது. திருத்துவதற்குத்தான் ஆள் இல்லை.