நட்சத்திரத்தை யார் கொடுத்தது?

ஒரு பொருள் வாங்குவதற்கு முன் அதன் ரிவியூவைப் பார்க்காதவர்கள் இப்போது நம்மில் யாரும் இல்லை. ஹெட்போன் என்றாலும் சரி, ஹென்டர்சனில் புதிதாகத் திறந்த தோசைக் கடை என்றாலும் சரி, முதலில் கண் போவது நட்சத்திரங்களின் மேல்தான். முன்பின் தெரியாத ஒருவரின் சொல்லை நம்பிக் காசு கொடுக்கிறோம். அந்தச் சொல் எப்போது உதவுகிறது, எப்போது அநியாயமாகிறது? இந்தக் கேள்வி இன்டர்நெட்டை விட மிகவும் வயதானது.

இன்றைய ஈராக்கில் ஊர் என்ற பெயரில் ஒரு பழைய நகரம் இருந்தது. அங்கே கிடைத்த ஒரு களிமண் பலகை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 3,750 ஆண்டுகள். நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற செம்பு வியாபாரிக்கு எழுதிய கடிதம் அது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமான செம்பைக் காட்டினாய், நான் அனுப்பிய ஆளையும் அவமதித்தாய் என்பது புகார். இதை வைத்து மீம் போடுகிறவர்கள் நிறைய. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஏயா-நாசிரின் வீடு என்று கருதப்படும் இடத்தில் அவர் வியாபாரத்தைப் பற்றி வேறு ஆட்கள் எழுதிய புகார்களும் கிடைத்தன. நன்னியின் கடிதம் மட்டும் இருந்திருந்தால், அது ஒருவருடைய கோபம் என்று விட்டுவிடலாம். ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாத பலர் ஒரே குறையைச் சொல்லும்போதுதான் அது சாட்சியாகிறது. அப்போதும் ஏயா-நாசிரின் பதில் நமக்குக் கிடைக்கவில்லை என்பதை மறக்கக்கூடாது.

ஒரே ஒருவரின் சொல்லை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மனைவியின் சிலம்பை விற்க மதுரைக்குப் போகிறான். அரண்மனைப் பொற்கொல்லன் அவனைத் திருடன் என்று அரசனிடம் சொல்கிறான். உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடியது அந்தப் பொற்கொல்லனேதான். பழி வேறொருவன் மேல் விழுந்தால் லாபம் அவனுக்கு. பாண்டியன் விசாரிக்கவில்லை, கோவலன் உயிர் போனது. பிறகு கண்ணகி அவைக்கு வந்தாள். அழுது முறையிட்டதோடு அவள் நிற்கவில்லை, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு விவரத்தையும் சொன்னாள்: என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்துப் பார்த்தார்கள், வழக்கு முடிந்தது. இன்று ஒரு ரிவியூவைப் படிக்கும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் இந்தக் கதையிலேயே இருக்கின்றன. இதைச் சொல்வதால் சொல்பவருக்கு லாபம் உண்டா? அவர் சொல்வதைச் சரிபார்க்க முடியுமா?

இனி நம் அப்பா அம்மா காலத்துக்கு வருவோம். ஆனந்த விகடன் பத்திரிகை படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை மார்க் என்று போடும். 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு 62.5 கிடைத்தது. விகடன் மார்க் கேட்டுப் படத்துக்குப் போன தலைமுறை அது. அதற்கு முந்திய காலத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. 1928-இல் விகடனை வாங்கிய எஸ். எஸ். வாசன், 1940-இல் ஜெமினி ஸ்டூடியோவையும் தொடங்கினார். பத்திரிகையும் அவருடையது, படமும் அவருடையது. இதனால் அதில் எழுதியவை எல்லாம் பொய் என்று ஆகாது. ஆனால் படிக்கிறவருக்கு அந்த உறவு தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன் இதற்கு வேறு வழி கண்டது: விளம்பரம் வாங்குவதில்லை, சோதிக்கும் பொருளைத் தானே காசு கொடுத்து வாங்குவது. நியூசிலாந்தில் 1959-இல் அரசு ஒரு நுகர்வோர் மன்றத்தை அமைத்தது. இன்று கன்ஸ்யூமர் என்.இசட். என்ற தனி அமைப்பாக நாம் அறிவது அதுதான்.

பிறகு இன்டர்நெட் வந்தது. இனி நிபுணர் வேண்டாம், வாங்கிய எல்லோரும் பேசலாம் என்றார்கள். நல்ல யோசனை. ஆனால் பழைய நோய்கள் புது வீட்டுக்கும் குடிவந்தன. 2004-இல் அமேசானின் கனடா தளத்தில் ஒரு கோளாறு ஏற்பட்டு, புனைபெயரில் எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாட்கள் வெளியே தெரிந்தன. சில எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்துக்குத் தாங்களே பாராட்டு எழுதியிருந்தது அப்போது அம்பலமானது. ஈபே தளத்தில் வேறு விதமான தொல்லை. 1996 முதல் அங்கே வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பீடு போடலாம். நான் குறை சொன்னால் அவரும் பழிக்குப் பழி சொல்வார் என்று பயந்து, வாங்கியவர்கள் வாய் திறக்கவில்லை. 2008-இல், விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு போட முடியாதபடி விதியை மாற்றினார்கள்.

நான் மென்பொருள் வேலை செய்பவன். ஒரு தரவுத்தளத்தில் தவறான வரி இருந்தால் எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம். இருக்க வேண்டிய வரி இல்லாமல் போனால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ரிவியூவும் அப்படித்தான். பொய்யாக எழுதியதை விட, எழுதியும் வெளியே வராததுதான் பெரிய அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நம் ஊரிலேயே வழக்கு நடந்திருக்கிறது. நியூசிலாந்தில் கடற்கரை விடுமுறை வீட்டை 'பாச்' என்பார்கள். அப்படிப்பட்ட வீடுகளை வாடகைக்கு விடும் பாச்கேர் என்ற நிறுவனம், தங்கிச் சென்றவர்கள் எழுதிய குறைகளில் சிலவற்றைப் போடாமல் விட்டது. சிலவற்றில் குறை சொல்லும் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டது. வணிக ஆணையம் 1986-ஆம் ஆண்டின் நியாய வணிகச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டது. 2019-இல் ஆக்லாந்து மாவட்ட நீதிமன்றம் 117,520 டாலர் அபராதம் விதித்தது. இதில் கவனியுங்கள்: தளத்தில் இருந்த பாராட்டுகள் உண்மையான ஆட்கள் எழுதியவையாகவே இருக்கலாம். ஆனாலும் மொத்தப் படம் பொய். பாதி உண்மையைக் காட்டுவதும் ஏமாற்றுதான் என்று சட்டம் சொன்னது.

மற்ற நாடுகளும் விழித்துக்கொண்டன. ஆன்லைன் ரிவியூக்களை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படிச் சரிபார்த்து வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஒரு தரநிலை கொண்டுவந்தது. அமெரிக்காவில் போலி ரிவியூக்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளும். எழுதுகிற நம்மை யார் பார்ப்பது? அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த மைக்கேல் லூகா, சியாட்டில் நகரத்து உணவகங்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார். யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று கண்டார். இந்த விளைவு தனி ஆட்கள் நடத்தும் கடைகளில்தான். பெரிய சங்கிலிக் கடைகளில் இல்லை. காரணம் எளிது. பெரிய பிராண்டை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். குடும்பமாக நடத்தும் இடியாப்பக் கடையைத் தெரியாது. அதன் முகமே அந்த நட்சத்திரங்கள்தான்.

ஆகவே கூரியர் தாமதமானதற்குப் பொருளுக்கு ஒரு நட்சத்திரம் போடுவது நியாயமில்லை. மழை நாளில் பார்க்கிங் கிடைக்காததற்குச் சாம்பார் பொறுப்பல்ல. நம் ஆள் கடை என்பதற்காகப் பழைய வடைக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதும் நியாயமில்லை. அதை நம்பிக் காசு கொடுத்து ஏமாறுபவரும் நம் ஆளாக இருக்கலாம். நண்பரின் கடை என்றால் நண்பர் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். இலவசமாகக் கிடைத்த பொருள் என்றால் அதையும் சொல்லுங்கள். "வேஸ்ட்" என்ற ஒற்றைச் சொல்லால் யாருக்கும் பயனில்லை. "மூன்று மாதத்தில் இடது பக்க ஸ்பீக்கர் நின்றுவிட்டது, கடையில் மாற்றிக் கொடுத்தார்கள்" என்று எழுதினால், வாங்குபவருக்கும் பயன், கடைக்காரருக்கும் பதில் சொல்ல இடம் உண்டு. கடைக்காரர் பதில் எழுதியிருந்தால் அதையும் படியுங்கள். கோவலனுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது.