நீலத் துளையின் கதை

ஆவடியில் வாழும் நண்பர் ஒருவர், மறைந்த தம் தாயாரின் தாலாட்டுகள் அடங்கிய கேசட் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தார். 1991-இல் பேரக்குழந்தையின் தூளியருகே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது. அதை மடிக்கணினிக்கு மாற்ற முயன்றபோது குரல் கரகரத்து உடைந்து வந்ததாம். நாடா கெட்டுவிட்டது, எறிந்துவிடலாமா என்று கேட்டார். அவருடைய டெக்கை நம் வீட்டுப் பழைய மேசைக் கணிப்பொறியின் பின்புறத்து நீலத் துளையில் இணைத்துப் பார்த்தோம். குரல் தெளிவாக வந்தது. தொலைவில் மின்தொடர்வண்டி ஒன்று கடந்துபோகும் ஓசையும் உடன் வந்தது. நாடாவில் பழுதில்லை, துளைதான் மாறியிருந்தது.

கணிப்பொறியின் பின்னே வரிசையாக நிற்கும் இளஞ்சிவப்பு, நீலம், பச்சைத் துளைகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நாம் கேட்ட முறையின் வரலாறும் ஆகும்.

ஹெட்போன் நேற்றுப் பிறந்ததன்று. அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நத்தானியல் பால்ட்வின் 1910-ஐ ஒட்டித் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கிற்று. அவற்றைச் செருகும் கால் அங்குலப் பிளக்கோ அதற்கும் மூத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி இணைப்பகங்களில், ஒரு குரலை இன்னொரு செவியோடு சேர்த்துவைக்கப் பிறந்தது.

சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பெருக்கியில்லாத படிகப் பெட்டி வைத்திருந்தவர் அக்காலத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் கேட்டாக வேண்டும். ஒரு வீட்டில் ஒரு செவிக்கு மட்டுமே பாட்டு. பொருள் முடையால் 1927-இல் கழகம் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்று, கடற்கரை உள்ளிட்ட பொது இடங்களில் ஒலிபெருக்கிகளை நிறுத்தியது. ஒருவர் செவிக்குள் ஒடுங்கியிருந்த ஒலி ஊருக்குப் பொதுவாயிற்று. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. பின்னாளில் அதன் சிற்றலை ஒலிபரப்பு நெடுங்காலம் நம் ஆவடியிலிருந்துதான் சென்றது.

ஒலியைப் பொதுவாக்கிய கருவி ஆம்ப்ளிஃபயர். தமிழ்நாட்டில் அதற்கு 'மைக்செட்' என்று பெயர். ஆடி மாதத்தில் திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கம் போனவர்க்கு விளக்க வேண்டியதில்லை; எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் கூம்புக் குழாய்களில் எழும்பி ஏரிக்கரை வரை செல்லும். இசைத்தட்டு போய்க் கேசட் வந்தது. கேசட் போய்க் குறுந்தகடு வந்தது. இன்று கணிப்பொறியோ கைப்பேசியோ பாடுகிறது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் இடம்பெயரவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதென உச்ச நீதிமன்றம் 2005-இல் வலியுறுத்தியபோது, பொதுக்கேள்விக்கும் ஓர் எல்லை உண்டென்பது நினைவூட்டப்பட்டது.

தனிக்கேள்வி இதற்குள் மீண்டிருந்தது. 1979-இல் சோனி வெளியிட்ட வாக்மேன், டிரான்சிஸ்டர் காலத்து மூன்றரை மில்லிமீட்டர்ச் சிறு பிளக்கை உலகெங்கும் பரப்பியது. பின்னர்க் கணிப்பொறியில் அமைந்தவை இந்தப் பிளக்குக்கான துளைகளே.

தொடக்கக்காலக் கணிப்பொறி 'பீப்' என்பதற்கு மேல் பேசத் தெரியாதது. அதற்குக் குரல் தந்தவர்களுள் ஒருவர், தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரைச் சேர்ந்த சிம் வோங் ஹூ. 1981-இல் அவர் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1986-இல் பேசும் கணிப்பொறி ஒன்றை வெளியிட்டது, அது விலைபோகவில்லை. ஆயினும் ஒலி பற்றிய எண்ணத்தை அவர் கைவிடவில்லை. 1989-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலியட்டை உலகை வென்றது. 2023 ஜனவரியில் அவர் மறைந்தார்.

அந்தத் தொடக்கக்கால அட்டைகளில் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருந்தது. ஸ்பீக்கரை நேரே செருகலாம். ஆனால் அங்கே பெருக்கிய ஒலியை வெளி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஆதலால் பின்வந்த சில அட்டைகளில் உட்பெருக்கியை விலக்கிவிட ஜம்பர் வைத்தனர். தனக்குள் மின்னாற்றல் கொண்ட ஸ்பீக்கர்கள் பெருகியதும் உட்பெருக்கி மறைந்தது. இன்டெலும் மைக்ரோசாஃப்டும் வகுத்த 'பிசி 99' நெறியே வண்ணங்களை நிலைநிறுத்தியது: மைக்குக்கு இளஞ்சிவப்பு, உள்வரும் ஒலிக்கு இளநீலம், வெளிச்செல்லும் ஒலிக்கு இளம்பச்சை.

வண்ணங்களுக்குப் பின்னே ஓர் அளவுக் கணக்கு இருக்கிறது. மைக்கிலிருந்து வருவது வோல்ட்டின் ஆயிரத்தில் சில பங்கே. இளஞ்சிவப்புத் துளை அதைப் பன்மடங்கு பெருக்கும். டெக்கின் 'லைன் அவுட்' தருவதோ ஒரு வோல்ட்டை ஒட்டியது. அதை மைக் துளையில் செலுத்தினால் குரல் உடையாமல் என்ன செய்யும்? நண்பரின் மடிக்கணினியில் நேர்ந்தது இதுவே. ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்து எடுத்துச் செருகுவது இன்னும் தீது, ஒலியட்டையே எரிந்துபோகலாம். 'ரெக் அவுட்' என்ற முனை இருந்தால் அதுவே உரியது. பச்சைத் துளையிலும் இந்தக் கணக்கு உண்டு. சில மில்லிவாட்டில் பாடும் ஹெட்போனுக்கு அது பெரும்பாலும் போதும். நான்கு, எட்டு ஓம் ஸ்பீக்கருக்கோ இடையே ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

இரண்டாயிரங்களில் அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு ரயிலேறி, ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கிக் கணிப்பொறி கோத்தவர் பலர். ஒலியட்டையைத் தனியே வாங்கும் தேவை அதற்குள் குறைந்துவிட்டது. 1997-இல் இன்டெல் வகுத்த ஏசி'97 நெறிக்குப் பின் ஒலி தாய்ப்பலகையிலேயே குடியேறியது. மூன்று துளைகளும் விலையின்றி வீடுதோறும் வந்தன. பச்சையை எல்லோரும் பயன்படுத்தினோம். இளஞ்சிவப்பில் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேசினோம். நீலத்தை என்னவென்று கேட்டவர் அரியர். மடிக்கணினி வந்தபோது முதலில் உதிர்ந்தது அந்நீலந்தான். 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையையே நீக்கியது.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். நாமோ கேட்பதற்கான துளைகளைப் போற்றி, கேட்டதைக் காப்பதற்கான துளையை மறந்தோம். நம் தமிழ்த்துறைகளில் ஆய்வுக்காகப் பதிந்த ஒப்பாரிகளும் தெம்மாங்குகளும் கேசட்டுகளாகவே பீரோக்களில் கிடக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்றில்லை. நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்கிறது. அதை ஓட்டும் டெக்குகள் அதனினும் விரைந்து அருகுகின்றன.

ஆகவே பரணில் கிடக்கும் பழைய கணிப்பொறியைக் காயலான் கடைக்குப் போடுமுன் அதன் பின்புறத்தை ஒருமுறை பாருங்கள். அது இல்லையேல் லைன் இன் உள்ள யுஎஸ்பி ஒலிக்கருவி ஒன்று போதும். நண்பரின் தாயார் பாடிய தாலாட்டுகள் நாற்பது நிமிடம் ஓடின. அவற்றைப் பதிந்துகொள்ளவும் அதே நாற்பது நிமிடமே ஆயிற்று. அன்று தூளியில் கிடந்த குழந்தைக்கு இப்போது முப்பது வயது கடந்துவிட்டது. பாட்டியின் குரலை அவர் முதன்முறை கருத்தூன்றிக் கேட்டது, பச்சைத் துளையில் செருகிய ஹெட்போனில்தான்.