எட்டு வீத மோதிரம்

போன கிழமை கடை பூட்டி, தாச்சியெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, எங்களோடு பகுதிநேரமாக வேலை செய்கிற மாணவப் பெடியன் கேட்டான்: "அண்ணை, நீங்களும் கேம் விளையாடுவீங்களாமே? அடி கூடின சாமான் போடுறது நல்லதோ, கூல்டவுன் குறைக்கிற சாமான் போடுறது நல்லதோ?"

நோர்பரி ஸ்ரேசனடியில் பஸ்சுக்கு நின்றபடி சொல்லத் தொடங்கினேன். 109 வந்தும் கதை முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கேம் பக்கம் போகாத ஆக்களுக்குச் சின்ன விளக்கம். இந்த விளையாட்டுகளில் ஒரு பெரிய வித்தையை ஒருக்கால் பாவித்தால், திரும்பப் பாவிக்கக் கொஞ்ச நேரம் காத்திருக்கவேணும். அதுதான் கூல்டவுன். வடை சுடுகிற எங்களுக்கு இது புதிதில்லை. ஒரு ஈடு போட்டெடுத்தால் எண்ணெய் திரும்பக் கொதிக்கும்வரை அடுத்த ஈடு போடேலாது. (அங்கே ஆறவேணும், இங்கே சூடேறவேணும், அவ்வளவுதான் வித்தியாசம்.) பெரிய தாச்சி வாங்குவதா, அடுப்பைக் கூட்டுவதா என்பதுதான் பெடியன்ரை கேள்வி. மோதிரத்திலும் கையுறையிலும் இடம் மட்டுமட்டு. ஒன்றைப் போட்டால் மற்றதை விடவேணும்.

நான் முதலில் கண்டது டியாப்லோ 2. 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது, சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கள்ளச் சீடியாக வந்து சேர்ந்தது. அதில் மந்திரம் ஓதும் வேகம் படிக்கட்டு மாதிரித்தான் கூடும். அந்த விளையாட்டில் ஒரு செக்கனுக்கு 25 படச் சட்டங்கள். சோசரஸ் என்கிற மந்திரக்காரிக்கு ஒரு மந்திரம் ஓத 13 சட்டம் வேணும். வேகம் 63 வீதம் கூடினால் 9 சட்டம், 105 கூடினால் 8, 200 கூடினால் 7. அதாவது 104 வீதம் சேர்த்து வைத்திருப்பவனும் 63 உள்ளவனும் ஒன்றுதான்! நடுவில் உள்ள 41 வீதமும் சும்மா சுமக்கிற பாரம். அந்த இடத்துக்கு உயிர் கூட்டுகிற சாமானைப் போட்டிருக்கலாம். 2001 இல் வந்த விரிவாக்கத்தில் சில மந்திரங்களுக்குத் தனியாகக் காத்திருப்பு வைத்தார்கள். பனிப்புயலுக்கு 1.8 செக்கன். அதை எந்த வேகச் சாமானாலும் குறைக்கேலாது.

2004 கடைசியில் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் நான் லண்டன் வந்த புதிதில் வீட்டுக்காரப் பெடியன் விளையாடப் பக்கத்தில் இருந்து பார்த்தது. மாதச் சந்தா கட்டுகிற நிலையில் நானில்லை. அதில் பெரும்பாலான வித்தைகளுக்குப் பிறகு 1.5 செக்கன் பொதுக் காத்திருப்பு. முன்பு வேகம் கூட்டி அதை 1 செக்கன் வரைக்கும் இறக்கலாம் என்றிருந்தது, அதற்குக் கீழே போகவில்லை. வேகமாக ஓதினால் மந்திர சக்தியும் வேகமாகத் தீர்ந்துபோகும். அடுப்பைக் கூட்டினால் காஸ் முடிகிற மாதிரி.

2009 இல் வந்த லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் வேறு சாதி விளையாட்டு என்றாலும் இந்தக் கதையில் அதை விடேலாது. அங்கே கூல்டவுன் குறைப்பு வீதங்களை நேரே கூட்டினார்கள், 40 இல் வேலி போட்டார்கள். ஏன் வேலி? 100 செக்கன் காத்திருப்புள்ள வித்தை ஒன்றை 15 நிமிடத்தில் 9 தரம் பாவிக்கலாம். 10 வீதம் குறைத்தால் 10 தரம். வேலியில்லாமல் 80 இலிருந்து 90 வீதத்துக்குப் போகவிட்டால்? 45 தரம் 90 தரமாகிவிடும். அதே பத்து வீதம்தான், முதலில் ஒரு தரம் தந்தது, கடைசியில் நாற்பத்தைந்து தருகிறது.

டியாப்லோ 3 இல் 2014 இல் இந்தக் குறைப்பைக் கொண்டு வந்தபோது வேறு வழி எடுத்தார்கள். வீதங்களைக் கூட்டாமல் ஒன்றன் மிச்சத்தில் மற்றதைக் கழித்தார்கள். இங்கேதான் என் மானம் போனது.

2018 மார்கழி. நாங்கள் நாலு பேர், ஊரில் ஒரே வகுப்பு. ஒருத்தன் ரொரன்ரோ, ஒருத்தன் பரிஸ், ஒருத்தன் ஒஸ்லோ. எல்லாரும் ஒரு இடத்தில் கூடுவதென்றால் அந்த விளையாட்டுக்குள் மட்டும்தான். ஹார்ட்கோர் முறையில் விளையாடினோம், செத்தால் செத்ததுதான், பாத்திரமும் சாமானும் எல்லாம் போய்விடும். நான் டீமன் ஹன்ரர். வெஞ்சன்ஸ் என்றொரு வித்தை 20 செக்கன் நிற்கும், காத்திருப்பு 90 செக்கன். டோன் என்கிற வில்லின் சக்தி அதை 65 வீதம் குறைத்து 31.5 செக்கனாக்கும். இன்னும் 36.5 வீதம் குறைத்தால் 20 செக்கனுக்குள் வந்துவிடும், இடைவெளியே இல்லாமல் ஓடும். நான் தெரிவுசெய்த வகையில் அது நிற்கும்வரை விழுகிற அடி பாதியாகும்.

என்னிடம் பரகன் புள்ளிகளில் 10, தலைக்கவச வைரத்தில் 12.5, கையுறை, தோள், மோதிரம் மூன்றிலும் எட்டு எட்டு. கூட்டினால் 46.5. "பத்து வீதம் வீணாய்க் கிடக்கு" என்று நினைத்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு அடி கூட்டுகிற மோதிரம் ஒன்றைப் போட்டேன். மிச்சம் 38.5, போதும்தானே?

போதாது. 0.9 ஐ 0.875 ஆல் பெருக்கி, இரண்டு தரம் 0.92 ஆல் பெருக்கினால் 0.667. உண்மையான குறைப்பு 33.3 வீதம்தான். காத்திருப்பு 21 செக்கன். பழைய மோதிரத்தோடு 19.3 ஆக இருந்தது. விபரப் பக்கத்தில் சரியான எண் எழுதித்தான் இருந்தது, நான் பார்க்கவில்லை. அந்த ஒரு செக்கன் இடைவெளிக்குள் இரண்டு மடங்கு அடி விழுந்தது. எட்டு மாதம் வளர்த்த பாத்திரம் போய்விட்டது. ஸ்கைப்பில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு ஒஸ்லோக்காரன் கேட்டான்: "மச்சான், நீ கம்பசில மற்ஸ் தானே செய்தனி?"

செய்தனான்தான். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டினதோடு இரண்டாம் வருடத்தில் நின்றுபோனது. ஆனால் இது சாதாரண தரப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு, அதைச் சாட்டாகச் சொல்லேலாது. சாமானில் எழுதியிருக்கிற வீதத்தை நம்பி, கையில் கிடைக்கிற செக்கனை எண்ணாமல் விட்டேன்.

2020 நவம்பரில் லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ்காரர் வீதத்தையே தூக்கிவிட்டு ஹேஸ்ற் என்றொரு அளவைக் கொண்டு வந்தார்கள். காத்திருப்பை 100 ஆல் பெருக்கி, 100 உம் ஹேஸ்றும் சேர்ந்த எண்ணால் பிரிக்கவேணும். மேலே சொன்ன அதே 15 நிமிடத்தில் 100 ஹேஸ்றுக்கு 18 தரம், 200 க்கு 27 தரம். ஒவ்வொரு நூறுக்கும் அதே ஒன்பது. அந்த 40 வீத வேலி தேவையில்லாமல் போனது. அடியா வேகமா என்று நிறுத்துப் பார்க்கக் கடைத் தராசு மாதிரி நேர்மையான அளவு. எனக்குப் பிடித்தது இதுதான். டியாப்லோ 4 (2023) பழையபடி பெருக்கலோடுதான் வந்தது.

பெடியன் விளையாடுவது லீக். வீதக் காலத்தை அவன் கண்டதேயில்லை, நான் சொன்னதை ஏதோ இடம்பெயர்ந்த கதை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் நாலு பேரும் முதலாம் லெவலில் இருந்து திரும்பத் தொடங்கினோம். மூன்று பேர் இப்பவும் சனி இரவில் வருவோம். நான் மோதிரம் மாற்றினால், விபரப் பக்கத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பாமல் பரிஸ்காரன் வாசலைத் திறக்கமாட்டான்.